“உங்க எடை எவ்ளோ?” - ஸ்கை டைவிங் கத்துக்க ஆசைப்பட்ட 106 கிலோ ரிப்போர்ட்டரின் கதை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் துபாய் அத்தானின் வீடியோ வந்து விழுந்தது. கீழே, கடலுக்குள் பேரீச்சை மரம் வரைந்ததுபோல பாம் ஜுமேரா தீவு. மேலே, கன்னமெல்லாம் காற்றில் படபடக்க, இரண்டு கைகளிலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியபடி அத்தான். அவர் முதுகோடு ஒட்டிக் கட்டப்பட்டிருந்த பயிற்சியாளர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அத்தை பத்து ஹார்ட் போட்டார். பெரியப்பா ‘முருகா’ என்று மட்டும் எழுதினார். நான், ‘எனக்கும் இதைக் கத்துக்கணும். ஒருநாள் தனியா குதிக்கணும்’ என்று டைப் செய்தேன். அடுத்த நிமிடமே சித்தப்பாவிடமிருந்து பதில் வந்தது. ‘உனக்கு பாராசூட் பத்தாதுடா தம்பி, கல்யாணப் பந்தலைத்தான் கட்டி விடணும்!’

அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். எண்ணிப் பார்த்தேன், 17. அதில் ஒன்று அம்மாவுடையது.

என் எடை 106 கிலோ. உயரம் 5 அடி 9 அங்குலம். இந்தக் கிண்டல் எனக்குப் புதிதல்ல. ஷேர் ஆட்டோவில் ஏறினால் “அண்ணே, நீங்க முன்னாடி வந்துடுங்க” என்பார்கள். கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தால், உட்காரும் முன் கால்களை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது என் கை தானாகச் செய்யும் வேலை. இதில் வேடிக்கை என்னவென்றால், டெஸ்க்கில் ‘தொப்பையைக் குறைக்க 5 எளிய வழிகள்’ ரகக் கட்டுரைகள் பலவற்றை எழுதியவனும் நான்தான்.

ஆனால் அன்றைக்கு சித்தப்பாவின் கமென்ட் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. நிஜமாகவே என்னைப்போல கனமான ஒருவர் ஸ்கை டைவிங் கற்றுக்கொள்ள முடியாதா? கிண்டலை விடுங்கள், கணக்கு என்ன சொல்கிறது? இரண்டு மாதம் விடாமல் தேடியதில், சித்தப்பா சொன்னதில் பாதி சரி என்று தெரிந்தது. எந்தப் பாதி என்பதைத்தான் அவர் தெரிந்து சொல்லவில்லை.

பில்லியனும் டிரைவிங்கும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அத்தான் செய்தது ‘டேண்டம்’ குதிப்பு. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவது மாதிரிதான். பாராசூட், உயரம் காட்டும் மீட்டர், தரையிறங்கும் முடிவு எல்லாமே பயிற்சியாளர் கையில். நமக்கு அரை மணி நேர வகுப்பு போதும். ‘சிந்தகி நா மிலேகி தோபாரா’ படத்தில் ஹ்ரித்திக் ரோஷன் கோஷ்டி ஸ்பெயினின் எம்புரியாபிராவாவில் குதிப்பதைப் பார்த்துவிட்டு, என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் ‘பக்கெட் லிஸ்ட்’டில் எழுதி வைத்திருப்பது இதைத்தான். இப்போது இதற்கு வெளிநாடே போக வேண்டியதில்லை. ஹரியானா மாநிலம் நார்னாலில் டேண்டம் குதிக்கலாம். 2024 ஜூலையில் மத்திய சுற்றுலாத்துறை அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத் அங்கே குதித்த செய்தியை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

கற்றுக்கொள்வது வேறு. அது நாமே வண்டி ஓட்டுவது. உலகம் முழுக்க இதற்குப் பரவலாக இருப்பது ‘ஏ.எஃப்.எஃப்’ என்ற பயிற்சி முறை. ஒரு முழுநாள் தரை வகுப்பு. அதன்பின் முதல் குதிப்பிலேயே உங்கள் முதுகில் உங்கள் சொந்த பாராசூட். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பயிற்சியாளர் உங்களைப் பிடித்துக்கொண்டு கூடவே விழுவார். சுமார் 13,000 அடியில் குதித்து, 5,500 அடி வாக்கில் நீங்களே பாராசூட்டை இழுத்துத் திறக்க வேண்டும். அங்கிருந்து கீழே வரை நீங்கள் தனி. ஹெல்மெட்டில் உள்ள ரேடியோவில் மட்டும் ஒரு குரல் வழிகாட்டும். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் முதல் நிலையான ‘ஏ’ லைசென்ஸ் வாங்கக் குறைந்தது 25 முறை குதித்திருக்க வேண்டும்.

இந்த இரண்டுக்குமே விண்ணப்பப் படிவத்தில் பெயருக்குக் கீழேயே ஒரு கட்டம் வந்துவிடுகிறது, ‘எடை’ என்று.

நான் மெயில் அனுப்பிய முதல் இரண்டு இடங்களிலிருந்தும் ஒரே மாதிரி பதில் வந்தது. 100 கிலோவுக்கு மேல் டேண்டம் கிடையாது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். இருந்தாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கேன்டீனில் போய் இரண்டு மெதுவடை சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

100 கிலோ என்பது யார் போட்ட கோடு?

கோபம் அடங்கிய பிறகு, அந்த 100 எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். யாரோ குண்டானவர்களைப் பிடிக்காமல் போட்ட எண் அல்ல அது.

பரவலாகப் பயன்படும் டேண்டம் பாராசூட் அமைப்புகளுக்கு, தொங்கும் மொத்த எடை 500 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று உற்பத்தியாளர்களே வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் கணக்கில் சுமார் 227 கிலோ. இந்த 227-க்குள் பயணி மட்டுமல்ல, பயிற்சியாளரும் அடக்கம், பாராசூட் பையும் அடக்கம். பை மட்டுமே 25 கிலோ பக்கம் வரும். பயிற்சியாளர் 85 கிலோ என்று வையுங்கள். இரண்டும் சேர்த்து 110. மீதி இருப்பது 117. வரம்பின் நுனி வரை யாரும் போக மாட்டார்கள். கொஞ்சம் இடைவெளி விடுவார்கள். அப்படி வந்து நிற்பதுதான் அந்த 100 சொச்சம்.

அதாவது, அன்றைக்குப் பணியில் இருக்கும் பயிற்சியாளர் 70 கிலோ என்றால் எனக்கு இடமிருக்கலாம். 95 கிலோ என்றால் இல்லை. அமெரிக்காவில் பல மையங்களில் 90 கிலோவைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு, அதற்கேற்ற பயிற்சியாளரோடு இணைத்து அனுப்புகிறார்கள். துபாயில் எடையோடு பி.எம்.ஐ-யும் பார்க்கிறார்கள். என்னுடையது 34-க்கு மேல். அத்தானோடு அடுத்த வீடியோவில் நான் இருக்கப்போவதில்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

பி.எம்.ஐ எதற்கு என்று எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. கடோத்கஜன் மாதிரி ஆறடி உயரமுள்ள 100 கிலோக்காரரும், ஐந்தடி உயரமுள்ள 100 கிலோக்காரரும் ஒன்றல்ல என்பதுதான் பதில். தொடை, தோள், நெஞ்சு என்று உடம்பைச் சுற்றி இறுக்கும் பட்டைகள் எலும்போடு நெருங்கி உட்கார வேண்டும். பாராசூட் விரியும் நொடியில் மொத்த எடையும் அந்தப் பட்டைகளில்தான் தொங்கும். மிருதுவான சதை மேல் இறுக்கிய பட்டை, அந்த இழுப்பில் இடம் மாறலாம். எடை மெஷின் காட்டும் எண்ணைவிட, அந்த எடை உடம்பில் எங்கே இருக்கிறது என்பது இங்கே முக்கியம்.

சரி, டேண்டம் இல்லை. ஆனால் இந்தக் கணக்கிலேயே ஒரு ஓட்டை இருப்பதைக் கவனித்தீர்களா? தனியாகக் குதிக்கும்போது அந்த 85 கிலோ பயிற்சியாளர் என் பாராசூட்டில் தொங்கப்போவதில்லை! டேண்டமில் இடம் கிடைக்காத ஒருவருக்குத் தனிப் பயிற்சியில் இடம் இருக்க வாய்ப்பு உண்டு. வண்டியில் பில்லியனாக ஏற்ற மாட்டேன் என்று சொன்னவர்கள், வண்டியைக் கையில் கொடுக்கலாம். அங்கேதான் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது.

ஒல்லியானவர்கள் ஈயம் கட்டுகிறார்கள்!

கனமானவர் வேகமாக விழுவாரா? பள்ளிக்கூடத்தில் ‘இல்லை’ என்று படித்தோம். கலிலியோ, பைசா கோபுரம், கல்லும் இறகும் கதையெல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனால் அது காற்று இல்லாத இடத்துக்கான பதில். வானத்தில் காற்று இருக்கிறது. குதித்த பத்து, பன்னிரண்டு விநாடிகளில் புவியீர்ப்பின் இழுப்பும் காற்றின் தடுப்பும் சமமாகி, வேகம் அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிடும். குப்புறப் படுத்த நிலையில் சராசரி எடைக்காரருக்கு அது மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர்.

எடை கூடினால் இந்த வேகமும் கூடும். ஆனால் நாம் பயப்படும் அளவுக்கு அல்ல. ஒரே உருவ அளவில் எடை இரண்டு மடங்கானால், வேகம் இரண்டு மடங்காவதில்லை, 1.4 மடங்குதான் ஆகிறது. அதிலும் கனமானவருக்குக் காற்றை எதிர்க்கும் உடம்புப் பரப்பும் அதிகம் என்பதால் வித்தியாசம் இன்னும் குறையும். நடைமுறையில் எனக்கு என்ன நஷ்டம் என்றால், மற்றவர்களுக்கு 45 விநாடி கிடைக்கும் ‘ஃப்ரீ ஃபால்’ எனக்கு நாலைந்து விநாடி முன்னதாகவே முடிந்துவிடும். அதே டிக்கெட் காசுக்கு எனக்குக் கொஞ்சம் குறைவான வானம்!

பிரச்னை வேகத்தில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. நான் வேகமாக விழுந்தால், என்னைப் பிடித்துக்கொண்டு வரும் பயிற்சியாளர்களும் அதே வேகத்தில் விழ வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் மேலே மிதப்பார்கள், நான் கீழே போய்க்கொண்டிருப்பேன். அதற்கு ஸ்கை டைவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கனமானவர்களுக்குத் தொளதொள உடை. துணி காற்றைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். ஒல்லியானவர்களுக்கு உடம்பை ஒட்டிய உடை. அதுவும் போதாவிட்டால், இடுப்பில் ஈயக் கட்டிகள் வைத்த பெல்ட்.

ஆமாம், ஈயம். 2006 பிப்ரவரியில் தாய்லாந்தின் உடோன் தானியில் 400 பேர் கைகோத்து ஆகாயத்தில் ஒரே கோலம் போட்டு உலக சாதனை செய்தார்கள். அத்தனை பேரும் ஒரே வேகத்தில் விழுந்தால்தான் அப்படி ஒரு கோலம் சாத்தியம். கூட்டமாகக் குதிக்கும் இந்த விளையாட்டில், கூட்டத்தோடு கீழே போக எடை போதாமல் ஒல்லியானவர்கள் ஈயம் கட்டிக்கொள்வது சகஜம். வாழ்க்கையில் முதல்முறையாக, எடை போதவில்லையே என்று கவலைப்படும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். இதை உடனே குடும்ப குரூப்பில் போட்டேன். ஒரே ஒரு தம்ஸ் அப் வந்தது. பெரியப்பா.

(துணி காற்றைப் பிடிக்கும் என்றதும் ஞாபகம் வருகிறது. மகாராஷ்டிராவைச் சேர்ந்த ஷீத்தல் மகாஜன் 2018-ல் பட்டாயாவில் நம் மடிசார்போல கச்சம் வைத்துக் கட்டும் மராட்டியப் புடவையில் குதித்தார். புடவை பறந்து கைகால்களில் சுற்றிக்கொள்ளாமல் இருக்க அவர் எவ்வளவு மெனக்கெட்டிருப்பார் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.)

ஹாலில் சலபாசனம்

பறக்கும்போது உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரே வார்த்தைதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், ‘ஆர்ச்’. இடுப்பை முன்னே தள்ளி, தலையை நிமிர்த்தி, கைகால்களைப் பின்னால் விட்டு வில்லாக வளைய வேண்டும். இறகுப் பந்து எப்போதும் கனமான தலைப்பக்கம் கீழாகத்தானே விழும்? அதே மாதிரி, இடுப்பு தாழ்ந்து இருந்தால் உடம்பு தானாக வயிறு கீழே பார்க்கத் திரும்பிக்கொள்ளும். வயிற்றில்தான் எனக்கு எடை அதிகம். இயற்கை எனக்கு ஏதோ யோசித்துத்தான் செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

யோகா தெரிந்தவர்களுக்கு இது சலபாசனத்தின் தம்பி. ஹாலில் பாய் விரித்து, குப்புறப் படுத்து, கைகால்களைத் தூக்கி முதல் நாள் பத்து விநாடிகூட தாக்குப்பிடிக்கவில்லை. டி.வி பார்க்க வந்த அப்பா, என்னைத் தாண்டிப் போய் சோபாவில் உட்கார்ந்தார். “என்னடா பண்ற?” என்று அம்மா கேட்க, “பாராசூட்டுக்கும்மா” என்றேன். “அது பாத்ரூம் ஷெல்ஃப்ல இருக்கு பாரு” என்றார். எங்கள் வீட்டில் பாராசூட் என்றால் தேங்காய் எண்ணெய்தான்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நிமிடம் பிடித்தது. அந்தத் தெம்பில் ஹைதராபாத்துக்கு ரயில் ஏறினேன். அங்கே காற்றுச் சுரங்கம் இருக்கிறது. கண்ணாடிக் குழாய்க்குள் கீழிருந்து மேலாக அசுர வேகத்தில் காற்றை விட்டு, குதிக்காமலே பறக்கப் பழகும் இடம். விமானம் இல்லை, பாராசூட் இல்லை. என் போன்றவர்கள் தொடங்கச் சரியான இடம் இது. தரையிலிருந்து சில அடி உயரம்தான், விழுந்தால் வலையில் விழுவோம்.

சத்தியமாகச் சொல்கிறேன், காற்றைவிட எனக்கு அந்த உடையின் ஜிப்தான் பயம். எத்தனை கடைகளில் எத்தனை ட்ரையல் ரூம்களில் அந்த ஜிப் என் வயிற்றுக்குக் கீழேயே நின்றிருக்கிறது! படிவத்தில் 106 என்று எழுதிக் கொடுத்தேன். பார்த்தவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. உள்ளே போய் ஒரு உடையை எடுத்து வந்து நீட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். கழுத்து வரை வழுக்கிக்கொண்டு ஏறியது.

காதில் அடைப்பான், கண்ணாடி, ஹெல்மெட். உள்ளே சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் கை ஜாடைகள்தான். இரண்டு விரலை நீட்டினால் காலை நீட்டு. மோவாயைக் காட்டினால் தலையைத் தூக்கு. எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பெண் பறந்தாள், பஞ்சு மாதிரி. அவள் வெளியே வந்ததும் என் முறை. கதவருகே நின்று கையை நெஞ்சோடு வைத்து முன்னால் சாய வேண்டும். சாய்ந்தேன். எதுவும் நடக்கவில்லை. வலை மேல் அப்படியே கிடந்தேன். ஒரு நொடிதான். ஆனால் வெளியே கண்ணாடிக்கு அப்பால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரின் முகமும் அந்த ஒரு நொடியில் தெரிந்தது.

பயிற்சியாளர் கட்டுப்பாட்டு அறைப் பக்கம் பார்த்து விரலை மேலே காட்டினார். மின்விசிறியின் ஓசை ஒரு படி ஏறியது. இன்னொரு படி. வயிற்றுக்கு அடியில் ஏதோ நகர்வதுபோல இருந்தது. கீழே பார்த்தேன், வலை தள்ளிப் போயிருந்தது.

நான் மிதந்துகொண்டிருந்தேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து யாரும் என்னைத் தூக்கியதில்லை. அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் எல்லாரையும் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடியபோது என் பக்கம் வந்து, சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வந்ததா என்றால், இல்லை. இரண்டு விரல், இரண்டு விரல் என்று பயிற்சியாளர் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார். காலை நீட்ட மறந்துவிட்டேன். பின்பக்கமாக நழுவிப் போய்க் கண்ணாடியில் முட்டினேன். வெளியே வந்த பிறகு, ரயிலில் படுத்திருக்கும்போதுதான் அக்கா கல்யாணம் ஞாபகம் வந்தது.

பள்ளிக்கூடப் பெண்ணுக்கும் எனக்கும் நடுவில் வித்தியாசம், அந்தக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் நகர்த்திய ஒரு குமிழ். அவ்வளவுதான்.

சித்தப்பா சொன்ன பாதி

ஆனால் காற்றுச் சுரங்கத்தில் இல்லாத ஒன்று நிஜ வானத்தில் இருக்கிறது. தரை.

பாராசூட் விரிந்த பிறகு, எடை மீண்டும் கதைக்குள் வருகிறது. இந்த முறை சீரியஸாக. ஸ்கை டைவிங் உலகம் பாராசூட்டைச் சதுர அடியில் அளக்கிறது, நாம் வீட்டு மனையை அளப்பதுபோல. உங்கள் உடல் எடையோடு உடை, பை எல்லாம் சேர்த்துப் பவுண்டில் கணக்கிட்டு, அதைப் பாராசூட்டின் சதுர அடியால் வகுப்பார்கள். கற்றுக்கொள்பவர்களுக்கு இந்த விடை 1-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். எண் கூடக் கூட பாராசூட் வேகமாகப் பறக்கும், சட்டென்று திரும்பும், தரையையும் வேகமாகச் சந்திக்கும்.

60 கிலோ ஆள் பையோடு 73 கிலோ, அதாவது 161 பவுண்ட். 230 சதுர அடி பாராசூட்டில் அவருக்கு 0.7. சொகுசாக இறங்குவார். நான் பையோடு 121 கிலோ, 267 பவுண்ட். அதே பாராசூட்டில் எனக்கு 1.16. புது ஆளுக்கு அது ஆகாது. எனக்கு 280 சதுர அடியாவது வேண்டும். அப்போதும் 0.95. ஒரு கிரவுண்டுக்கு எட்டரை பாராசூட்தான் அடங்கும்! கல்யாணப் பந்தல் இல்லை என்றாலும், சித்தப்பா சொன்னது கிட்டத்தட்ட இதைத்தான்.

பயிற்சிக்கென்றே 280, 300 சதுர அடியில் பாராசூட்கள் இருக்கின்றன. எல்லா மையங்களிலும் அவை இருக்கும் என்று சொல்ல முடியாது. இதைவிட முக்கியம், பையில் மடித்து வைத்திருக்கும் இரண்டாவது பாராசூட். முதலாவது சரியாக விரியாவிட்டால் உயிர் காப்பது அது. எவ்வளவு எடை வரை, எவ்வளவு வேகம் வரை அது தாங்கும் என்று சோதித்துச் சான்றளித்த வரம்பு அதற்கு உண்டு. உங்களுக்கு நினைவிழந்து போனாலும், சுமார் 750 அடி உயரத்தில் தானாகவே அதைத் திறந்துவிடும் ஒரு கருவியும் பையில் இருக்கும். ஆனால் கருவி திறந்துவிடும் பாராசூட் உங்கள் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டுமே!

கடைசியாக, கால். முழங்காலும் கணுக்காலும்தான் கனமானவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டிய இடம். இறங்கும் நேரத்தில் இரண்டு கைப்பிடிகளையும் ஒரே சீராகக் கீழே இழுத்தால் வேகம் குறைந்து படியிறங்குவதுபோல இறங்கலாம். ஒரு விநாடி முந்தினாலும் பிந்தினாலும் அடி விழும். அப்போது நிற்க முயலாமல், சரிந்து உருளத் தெரிய வேண்டும். பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கவாட்டு என்று அடியை ஐந்து இடங்களில் பிரித்து வாங்கும் வித்தை அது. ராணுவத்தில் இதற்கென்றே நாள்கணக்கில் பயிற்சி உண்டு. 2015-ல் நம்ம தோனி ஆக்ராவில் பாரா பயிற்சி எடுத்து ஐந்து முறை குதித்தாரே, அவரும் இந்த உருளலைக் கற்றுக்கொண்டுதான் விமானம் ஏறியிருப்பார். 106 கிலோவை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில், பழைய மெத்தை மேல் உருண்டு பழகுகிறேன். கீழ் வீட்டு ஆன்ட்டி ஒருநாள் மேலே ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஸ்கை டைவிங் நினைக்கும் அளவுக்கு ஆபத்தானது இல்லை என்பது உண்மை. அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி 2023-ல் அங்கே நடந்தவை சுமார் 36.5 லட்சம் குதிப்புகள், உயிரிழப்புகள் 10. ஆனால் கால் முறிவுகள் அந்த எண்ணில் வராது. அதனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டு மூன்றையும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த மெயிலை அனுப்பினேன். டாக்டர் மூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஐந்து கிலோ குறைத்தால் முழங்கால் நன்றி சொல்லும் என்றார். வானத்துக்காக இல்லையென்றாலும் படிக்கட்டுக்காக.

படிவத்தில் பொய் சொல்லாதீர்கள்

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. எடை கேட்கும் இடத்தில் நாம் எல்லோரும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வோம். மேட்ரிமோனி தளத்தில் நான் 94. ஜிம்மில் சேர்ந்தபோது 99. மூன்று இலக்கத்தைத் தவிர்ப்பதற்காகவே எத்தனையோ பொய்கள். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

இங்கே அந்தப் பொய் அடுத்தவரையும் சேர்த்துப் பாதிக்கும். நான் 95 என்று எழுதினால், 95-க்கு ஏற்ற பாராசூட்டை எடுத்து வைப்பார்கள். 95-க்கு ஏற்ற வேகத்தில் விழும் பயிற்சியாளர்களை என்னோடு அனுப்புவார்கள். பதினொரு கிலோ வித்தியாசத்தில் நான் அவர்கள் கையை விட்டு நழுவினால், என்னைத் துரத்திப் பிடிக்க அவர்கள் தலைகீழாகப் பாய வேண்டியிருக்கும். அதனால்தான் படிவத்தில் என்ன எழுதினாலும் குதிக்கும் நாளில் எடை மெஷினில் ஏற்றிப் பார்க்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பலர் அங்கேதான் முகம் சிவக்கத் திரும்பிப் போகிறார்கள், முன்பணத்தையும் இழந்து.

நான் கேட்டு வளர்ந்த “உங்க எடை எவ்ளோ?” என்ற கேள்விக்குப் பின்னால் எப்போதும் இன்னொரு வாக்கியம் வரும். ‘நடக்கலாமே’, ‘ராத்திரி சாதத்தை விடலாமே’, ‘வயசு என்ன ஆகுது’. காற்றுச் சுரங்கத்தில் அந்த இன்னொரு வாக்கியம் வரவில்லை. காற்று மட்டும்தான் வந்தது.

மூன்றாவது மெயிலை தாய்லாந்தில் உள்ள ஒரு பயிற்சி மையத்துக்கு அனுப்பினேன். டிக்கெட், தங்குமிடம், பயிற்சி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஸ்பெயினைவிட எட்டும் தூரத்தில் இருப்பது அதுதான். அதற்கே பத்து மாதம் சேமிக்க வேண்டும். ‘என் எடை 106 கிலோ. டேண்டம் வேண்டாம். தனியாகக் கற்றுக்கொள்ள உங்களிடம் எனக்கேற்ற பாராசூட் இருக்கிறதா?’ என்று நேரடியாகக் கேட்டுவிட்டேன்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. வாழ்த்தும் இல்லை, வருத்தமும் இல்லை. 300 சதுர அடி இருக்கிறது என்றார்கள். நேரில் பட்டைகள் சரியாகப் பொருந்துகிறதா, விழுந்து உருள வருகிறதா என்று பார்த்த பிறகுதான் உறுதி சொல்வார்களாம். அதுவரை விமான டிக்கெட் எடுத்தாலும், திரும்பி வரத் தயாராக இருக்க வேண்டும். மெயிலின் கடைசியில் ஒரு கேள்வி. ‘நீங்கள் சொன்ன 106, உடையோடும் ஷூவோடும் சேர்த்தா?’

இல்லை. காலையில் குளிப்பதற்கு முன், வெறும் ஷார்ட்ஸில் எடுத்தது.

அன்று சாயங்காலம் ஜீன்ஸ், சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு தெருமுனை அரிசி மண்டிக்குப் போனேன். மூட்டை நிறுக்கும் மேடை மெஷினில் ஏறி நின்றேன். பொன்னி அரிசி வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடை அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி, “நூத்தி எட்டு, நானூறு” என்றார்.

“அண்ணாச்சி, இன்னொரு தடவை சரியா பாருங்க. கிராம் கணக்கு முக்கியம்” என்றேன். மறுபடி பார்த்துச் சொன்னார். அங்கேயே நின்று மெயிலில் அதே எண்ணை டைப் செய்து அனுப்பினேன்.